பொடக்காலிக்கு இந்த ஐப்பசியில் யார் யார் வந்திருக்கிறார்கள்?

சீத்தாமரத்தடி (கன்னங்குறிச்சி)
ஐப்பசி 6, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

போன வாரம் ஒரு நாள் இரவு முழுக்க மழை. விடிகாலையில் பாத்திரம் கழுவலாம் என்று பொடக்காலிக் கதவைத் திறந்தேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை. முதுகு பச்சை. இறக்கையில் ஒரு கீற்று பளிச்சென்ற நீலம். நெஞ்சு சந்தன நிறம். கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்தது போலக் கருப்புப் பட்டை. வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. பக்கத்தில் போயும் பறக்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது.

பூனை வந்துவிடுமே என்று ஒரு பழைய துண்டைப் போட்டு மெதுவாக எடுத்தேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் விட்டு, இருட்டு அறையில் வைத்தேன். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவெல்லாம் இல்லை. அது தப்பு, மூச்சுக்குழாயில் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. சீத்தாமரத்தடியில் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். வெளியே வந்து தத்தித் தத்திச் சருகுக்குள் போய் நின்றது. ஒரு இலையை அலகால் புரட்டிப் போட்டது. அடுத்த இலையையும் புரட்டியது. மூன்றாவது இலைக்கடியிலிருந்து ஒரு மண்புழுவை இழுத்துத் தின்றது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படத்தைப் பார்த்ததும் தம்பி மகன் சொல்லிவிட்டான், ஆறுமணிக்குருவி என்று. தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் பெயர் உண்டாம். வெயில் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே நம்மூருக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில்தான் பயணம். களைத்துப் போனாலோ விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறினாலோ இப்படி வீட்டோரம் விழுந்து கிடக்குமாம். அன்றிலிருந்து இங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு இரண்டு சீழ்க்கை. முதல் ஒலி ஏறும், அடுத்தது இறங்கும். விடியும்போதும் அதேபோல.

கனடாவில் இருக்கும் என் மகள் மரமெல்லாம் சிவந்து நிற்கிற படங்களை அனுப்பி, "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு சீசன் இல்லையேம்மா" என்று எழுதியிருந்தாள். இருக்கிறது கண்ணு, வேறு மாதிரி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆசை. அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பின்பக்கம் இந்த ஐப்பசியில் யார் வந்திருக்கிறார்கள்? எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள்.


சில்வர்ஓக்_நிழல் (ஏற்காடு)
ஐப்பசி 6, மதியம் 1.15

அக்கா, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அது தானாக எழுந்து போனது பெரிய அதிர்ஷ்டம். இருட்டு, அமைதி, தொந்தரவு செய்யாமல் இருப்பது. இந்த மூன்றையும் தவிர அதற்கு ஒன்றும் தேவையில்லை, நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

எங்களுக்கு ஒண்டிக்கடை தாண்டிக் கொஞ்சம் காபி இருக்கிறது. அப்பா காலத்துத் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் நாலடி நடந்தால் காபிச் செடிதான், தனியாகப் பொடக்காலி என்று எல்லை கிடையாது. இந்த மாதத்தில் காலை ஒன்பது வரை மூடுபனி. முதலில் சத்தம் மட்டும் வரும். அப்புறம் பனி விலக விலக ஒவ்வொரு மரமாகத் தெரியும். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி. காற்றடித்தால் மரமே நிறம் மாறி மறுபடி பச்சையாகும். பழைய ஆட்கள் இந்த மலையில் காபி வந்த கதையைச் சொல்லும்போது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இப்போது அதில் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. செம்மீசைச் சின்னான் கூட்டம் கூட்டமாக அதில்தான் உட்காரும். கன்னத்தில் சிவப்புப் பொட்டு, தலையில் கூர்க்கொண்டை. அதன் குரலைக் கேட்டால் நல்ல சேதி கொண்டுவந்தது போலவே இருக்கும்.

காபிப் பழம் இப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்கிறது. பறிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் மரநாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. நன்றாகப் பழுத்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். ஒரு காய்கூட மாறிப் பறிக்காது. காலையில் சுவர் மேல் கொட்டையோடு எச்சம் கிடந்தால், எந்தப் பக்கம் பழம் தயாராகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்பா அந்தப் பக்கமே முதலில் ஆள் விடுவார்.

வாசல் பாதையில் கரும்சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது. வயிற்றடியில் மஞ்சள். ஓயாமல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஓடும். அதுவும் இமயமலைப் பக்கத்திலிருந்து வருவதுதான். வருஷா வருஷம் அதே ஓடைக்கல்லில் பார்க்கிறேன். அதே பறவையா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் மனசு அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அது வந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன்.


வந்தேறி_வாசகன் (சூரமங்கலம்)
ஐப்பசி 6, மாலை 4.02

நான் சென்னைப் பக்கம், வேலைக்காக இங்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பொடக்காலி என்றால் என்னங்க?


சீத்தாமரத்தடி (கன்னங்குறிச்சி)
ஐப்பசி 6, மாலை 4.30

வீட்டுக்குப் பின்பக்கம் தம்பி. நீங்கள் கொல்லை, புழக்கடை என்று சொல்வீர்கள். கொங்குப் பக்கமெல்லாம் இதுதான் வழக்கு. துவைக்கிற கல், தண்ணித் தொட்டி, கறிவேப்பிலை, முருங்கை, இவ்வளவும் சேர்ந்தது பொடக்காலி.


மூன்றாம்மாடி (அழகாபுரம்)
ஐப்பசி 7, காலை 10.20

எங்களுக்குப் பொடக்காலியும் இல்லை, மண்ணும் இல்லை. மூன்றாம் மாடியில் ஆறடிக்கு மூன்றடி பால்கனி. நான்கு தொட்டி. இந்த இழையைப் படித்துவிட்டு, நமக்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலை மேல் காக்காய் எச்சம் மாதிரி ஐந்தாறு. துடைக்கப் போனால் ஒன்று நகர்கிறது! புழுக்கள். இன்னும் இரண்டு நல்ல பச்சையில் விரல் நீளம். ஒன்றைக் குச்சியால் தொட்டேன், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பு மாதிரி நீட்டி ஒரு நாற்றம் அடித்தது.

செடியில் பாதி இலை காலி. அத்தை வேப்பெண்ணெய் அடித்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?


கரட்டோரம் (குரும்பப்பட்டி)
ஐப்பசி 7, காலை 11.05

அடிக்காதீர்கள் சகோதரி, தயவுசெய்து. எச்சம் மாதிரி இருப்பதும் பச்சையாக இருப்பதும் ஒரே புழுதான், வயதுதான் வேறு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் என்று ஏமாந்து பறவைகள் விட்டுவிடும். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை ஆகிவிடும். அந்தக் கொம்பும் நாற்றமும் எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு. மனிதர்களை ஒன்றும் செய்யாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் இவற்றின் தாய் முட்டையிடும். கருப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு முருங்கைப் பூவைச் சுற்றும் பெரிய பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் அதன் பிள்ளைகள்தான்.

பச்சைப் புழு இன்னும் சில நாளில் குச்சியில் ஒரு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். அப்புறம் பத்து நாள் வாக்கில் வெளியே வரும். கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும், அதற்கு இது புதிதில்லை. ரசத்துக்குச் சந்தையில் இரண்டு கொத்து வாங்கிக்கொள்ளுங்கள்.


மூன்றாம்மாடி (அழகாபுரம்)
ஐப்பசி 7, காலை 11.30

சரி. அத்தையிடம் காட்டினேன். "கொம்பு நீட்டுதா, எங்கே பார்ப்போம்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேப்பெண்ணெய் உள்ளே போய்விட்டது.


தறிச்சத்தம் (அம்மாபேட்டை)
ஐப்பசி 7, இரவு 10.50

எங்கள் தெருவில் மரம் கம்மி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, ஒரு காலிமனை. மழைக்கு அதில் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி தறியை நிறுத்தினதும் காது ஙொய் என்று இருக்கும். அது அடங்கினதும் தவளைச் சத்தம் ஏறும். ஒன்று தொடங்கினால் நூறு சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் அது இல்லாமல் இப்போது தூங்குவதில்லை.


கொண்டலாம்பட்டி_அப்பா
ஐப்பசி 8, காலை 6.55

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிற இடத்தில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். எனக்கு மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே மாதத்தில், எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடித்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்றான், கண் இமை தொங்கியது. கடித்த இடமே தெரியவில்லை. முதலில் தூக்கிப்போன இடத்தில் அஜீரணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவன் அம்மா அழுததை நான் கேட்டேன்.

அடுத்த வாரமே எங்கள் பொடக்காலியில் இருந்த செடி, சருகு, செங்கல் குவியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டேன். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். சருகுக்குள் பறவை இலையைப் புரட்டுகிறது என்று படிக்கும்போது எனக்கு அழகு தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது.


சீத்தாமரத்தடி (கன்னங்குறிச்சி)
ஐப்பசி 8, காலை 8.10

நீங்கள் சொன்னது சரிதான் தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தத் தாயை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. இந்தப் பறவை என் வீட்டில் தங்கியதே சருகு இருந்ததால்தான், அதனால் என்னால் கூட்டவும் முடியவில்லை. ஆனால் பேரன் விடுமுறைக்கு வருவான். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து இருக்க வழி உண்டா?


சாரை (ஜாகீர் அம்மாபாளையம்)
ஐப்பசி 8, மதியம் 12.40

பாம்பு பிடிக்கக் கூப்பிட்டால் போகிற ஆள் நான், பதினாறு வருடமாக. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டலாம்பட்டி அண்ணா, அந்தப் பையனுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் கட்டுவிரியன் மாதிரித்தான் தெரிகிறது. அது இரவில் திரியும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல சமயம் வலியும் வீக்கமும் இருக்காது, அதனால்தான் வயிற்றுவலி என்று நினைத்துவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் தரையில் படுத்து எழுந்த ஒருவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து, இமை தொங்கி, பேச்சு குழறினால், கடிவாய் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேரே விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை. கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது சருகு. பாம்பு வீட்டுக்கு வருவது எலிக்கும் தவளைக்கும், மழையில் வளை நிரம்பினால் காய்ந்த இடத்துக்கும். நான் வீட்டோரம் பிடித்த பாம்புகளில் அதிகம் செங்கல் அடுக்கு, விறகு, தேங்காய்மட்டைக் குவியல், சுவரோர எலிவளை, தண்ணீர்த் தொட்டிச் சந்து, இங்கேதான். மரத்தடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரவிக் கிடக்கிற சருகில் இல்லை. குவியல் வேறு, பரப்பு வேறு. நான் என் வீட்டில் செய்வது இது. சுவரிலிருந்து ஆறடி சுத்தம், அங்கே புல்கூட இல்லை. குவியல் எதுவும் கிடையாது. அதற்கு அப்பால் வேலியோரம் மரத்தடியில் சருகு அதன் பாட்டுக்குக் கிடக்கும். பிள்ளைகளுக்கு எல்லை தெரியும். பொழுது சாய்ந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. கதவடியில் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன். படுப்பது கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு.

கட்டுவிரியன் என்று பயந்து கூப்பிடுகிற வீடுகளில் பலமுறை இருப்பது வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது. அதன் பட்டை கழுத்துப் பக்கம் நன்றாகத் தெரிந்து வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைகீழ். ஆனால் இதைப் பார்த்து முடிவு செய்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். தள்ளி நின்று ஆளைக் கூப்பிடுங்கள், போதும். சாரைப்பாம்பைக் கண்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அது இருக்கிற இடத்தில் எலி குறையும். எலி குறைந்தால் மற்றதும் வராது.

சிமெண்ட் போட்டதைக் குறையாகச் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பேன்.


கொண்டலாம்பட்டி_அப்பா
ஐப்பசி 8, இரவு 9.15

நன்றி தம்பி. குவியல் வேறு, பரப்பு வேறு என்பதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. வேலியோரம் ஒரு சின்ன முருங்கை சிமெண்டைப் பிளந்துகொண்டு தானாக வந்திருக்கிறது. பிடுங்கலாம் என்றிருந்தேன். இருக்கட்டும்.


கரட்டோரம் (குரும்பப்பட்டி)
ஐப்பசி 9, காலை 9.30

எங்கள் வீடு சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கரட்டை ஒட்டி. இந்த வாரம் நீலவரியன் பட்டாம்பூச்சிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. கருப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும். கூடவே வெண்புள்ளிக் கருப்பனும். நேற்றுக் காலை வெயில் வந்ததும் வேலியோரக் கிலுகிலுப்பைச் செடியில் எண்ணிப் பார்த்தேன், ஒரே செடியில் 43. நான் மூச்சு விட்ட அசைவுக்கு அத்தனையும் எழுந்து மறுபடி அதே இடத்தில் அமர்ந்தன.

இவை வலசை போகிறவை. கோடையில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வரும். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை இங்கெல்லாம் பெருகும். ஐப்பசி கார்த்திகையில் அடுத்த தலைமுறை திரும்பி மேற்கே நீலகிரி, ஆனைமலைப் பக்கம் போகும். போனவை வேறு, திரும்புகிறவை வேறு. இருந்தாலும் வழி தெரிகிறது!

கிலுகிலுப்பையில் அவை தேடுவது தேன் இல்லை. காய்ந்த தண்டையும் காயையும் சுரண்டி உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியின் கசப்புச் சத்துதான் பெண்ணைக் கவரும் மணத்துக்கு மூலப்பொருள், அதுவே பறவைகள் தின்னாமல் காக்கும் கசப்பும்கூட. தேள்கொடுக்குச் செடியிலும் இதையே செய்யும். களை என்று நாம் பிடுங்கிப் போடுகிற இரண்டு செடி. வேலியோரத்தில் ஒரு முழம் விட்டுவைத்தால் போதும்.

அப்புறம், மொட்டைமாடியில் சாயங்காலம் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றுகிறதா பாருங்கள். மஞ்சள் உடம்பு, அகல இறக்கை, எங்கும் உட்காராமல் பறந்துகொண்டே இருக்கும். அந்த இனம் இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றைப் பிடித்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகிறது. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் அக்டோபர் தோறும் அங்கு தட்டான்கள் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து 2009ல் இதை எழுதினார். ஒரு கிராம்கூடத் தேறாத உடம்பு. என் மாடியில் சுற்றுவது அந்தப் பயணத்துக்குப் போகிறதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாடிக்குப் போகாமல் ஒரு சாயங்காலமும் கழிவதில்லை.

சீத்தாமரத்தடி அக்கா, மகளுக்கு ஒரு நிறமாற்றம் காட்டவேண்டும் என்றால் எங்கள் வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. ஊரில் கண்வலிக்கிழங்கு என்பார்கள், கார்த்திகைப்பூ என்றாலும் அதுதான். விரியும்போது இதழ் பச்சை. அப்புறம் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. சில நாளில் முழுக்கச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிலையும் ஒன்றாக நிற்கும். படம் எடுத்து அனுப்புகிறேன். கிழங்கு கடும் விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கொண்டுவந்து நடவேண்டாம். வேலியில் பார்ப்பதோடு சரி.


வந்தேறி_வாசகன் (சூரமங்கலம்)
ஐப்பசி 9, மாலை 5.50

மாடியில் இருந்துதான் எழுதுகிறேன். இருக்கின்றன. ஐம்பதுக்கு மேல். இரண்டு வருடமாக இந்த மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன், ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை.


பழைய_வண்டிப்பாதை (பனமரத்துப்பட்டி)
ஐப்பசி 10, காலை 5.30

எனக்கு வயது 74. பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

ஈசலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அடையாளம்" என்று எங்கள் ஆயா சொல்லும். நேற்று அந்தியில் பூத்தது. மத்தியானம் ஒரு மழை பெய்து விட்டது. நாலரை மணிக்கு மஞ்சள் வெயில். வேப்பமரத்தடிப் புற்றில் முதலில் வேலைக்காரக் கரையான்கள் வந்து சின்னச் சின்ன வாசல் திறந்து சுற்றி நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கை முளைத்தது வெளியே வந்து, ஒரு நொடி நின்று, மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் புற்றிலிருந்து புகை எழும்புவது மாதிரி ஆகிவிட்டது. வெயில் அந்த இறக்கைகளில் பட்டது. பேத்தி தங்கப்பொடி என்றாள்.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள் விருந்தாளிகள். முதலில் கரிச்சான், கம்பியில் உட்கார்ந்து பாய்ந்து பாய்ந்து பிடித்தது. மைனா தரையில் ஓடி ஓடித் தின்றது. தவிட்டுக்குருவி ஏழெட்டு ஒன்றாக வந்து கத்திக்கொண்டே பொறுக்கின. காக்காய்க்குப் பறக்கிறதைப் பிடிக்க அவ்வளவாக வராது, இருந்தாலும் முயற்சி செய்தது. மேலே தகைவிலான் கூட்டம். வேலியில் ஓணான் வாயைத் திறந்தபடி. புற்று வாசலிலேயே ஒரு தேரை உட்கார்ந்துகொண்டு நாக்கை மட்டும் நீட்டியது, நகரக்கூட இல்லை. இருட்டினதும் பல்லி. இத்தனை பேருக்கும் போட்டு மிச்சம் இருந்தது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது புற்றுமேல் போர்வை போட்டு, விளக்கு வைத்து, ஈசல் பிடிப்போம். இறக்கையைப் புடைத்து எடுத்துவிட்டு அரிசியோடு வறுத்தால் அந்த வாசனை தெரு முழுக்க வரும். பஞ்ச காலத்தில் அது பெரிய சாப்பாடு. இப்போது யாரும் பிடிப்பதில்லை. பேத்திக்காக ஒரு பிடி வறுக்கலாமா என்று நினைத்தேன், அவள் வேண்டாம் தாத்தா, தேரைக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

செம்மண் காட்டில் முதல் மழைக்குத் தம்பலப்பூச்சி வரும், சிவப்புப் பட்டுத்துணியில் கத்தரித்த மாதிரி. தீப்பெட்டியில் புல் போட்டு வைத்திருப்போம். அதை இந்த வருடம் இரண்டே இரண்டுதான் பார்த்தேன். முன்பெல்லாம் கால் வைக்க இடமிருக்காது. மருந்து அடிக்காத காடு எங்கே இருக்கிறது இப்போது.


சில்வர்ஓக்_நிழல் (ஏற்காடு)
ஐப்பசி 10, காலை 8.00

ஐயா, உங்கள் பேத்தியின் கைக்கும் சேர்த்து நன்றி. இன்னும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் இன்று காலை காட்டெருமை இரண்டு காபிக்குள் நின்றன, ஒரு கன்றோடு. பனிக்குள் கால் மட்டும் தெரிந்தது, நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை. நாங்கள் கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் வழியாகத்தான் பார்த்தோம். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள், போகவே கூடாது. கன்றோடு இருக்கும்போது பயந்தால் திரும்பி வந்துவிடும்.


ஒரு_செவிலி (அஸ்தம்பட்டி)
ஐப்பசி 10, இரவு 8.45

பறவைக்குத் தண்ணீர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். சருகைவிட, சருகுக்குள் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை, தயிர் கப், பூந்தொட்டியின் அடித்தட்டு, டயர், இவைதான் ஆபத்து. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே பறவைத் தட்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை கவிழ்த்து, ஓரத்தை நாரால் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தேய்ப்பது முக்கியம், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் இப்படித்தான் வைக்கிறேன். சின்னான் இரண்டு தினமும் பதினொரு மணிக்குக் குளிக்க வரும். இரவுப் பணி முடிந்து வந்து தூங்காமல் அதற்காகக் காத்திருக்கிற நாட்கள் உண்டு.


தறிச்சத்தம் (அம்மாபேட்டை)
ஐப்பசி 11, காலை 7.20

ஆறுமணிக்குருவி இருக்கிற அக்காவுக்கு. இந்த வாரம் தீபாவளி. வெடிச் சத்தத்தில் அது போய்விடுமோ?


சீத்தாமரத்தடி (கன்னங்குறிச்சி)
ஐப்பசி 11, காலை 9.00

எனக்கும் அதே கவலைதான் தம்பி. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக ஊரே பல வருடமாகப் பட்டாசு வெடிப்பதில்லை. ஈரோடு வெள்ளோட்டிலும் அப்படித்தான். அவ்வளவு பெரிய காரியத்தை நான் தெருவில் கேட்க முடியுமா என்று தயங்கினேன். அப்புறம் பக்கத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் உட்காரவைத்து, சமையலறைச் சன்னல் வழியாக அதைக் காட்டினேன். இலையைப் புரட்டுவதையும், அந்தச் சிவப்பையும் பார்த்தார்கள். "நாங்க முன்பக்கம் ரோட்லயே வெடிச்சுக்கிறோம் ஆயா, பின்னாடி வரமாட்டோம்" என்றான் பெரியவன். சரவெடி வேண்டாம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். பொடக்காலி விளக்கையும் இரவில் அணைத்துவிடுகிறேன், இன்னும் வருகிற பறவைகள் இருக்கலாம்.

சாரை தம்பி சொன்னபடி சுவரோரம் ஆறடி சுத்தம் செய்துவிட்டேன். விறகும் மட்டையும் போயாயிற்று. சீத்தாமரத்தடிச் சருகை மட்டும் தொடவில்லை.


வந்தேறி_வாசகன் (சூரமங்கலம்)
ஐப்பசி 12, மாலை 6.30

ஒரு சந்தேகம். இலையுதிர் காலம் என்று பாடத்தில் படித்தோமே, இங்கே ஒரு இலைகூட உதிரவில்லையே. எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?


கரட்டோரம் (குரும்பப்பட்டி)
ஐப்பசி 12, இரவு 9.40

அந்தப் பெயர் அவர்கள் ஊர்க் குளிருக்கு வைத்தது. நம்முடைய ஆறு பருவத்தில் ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். வாடைக்காற்றும் மழையும் வருகிற காலம். நம் கரட்டு மரங்கள் இலையைக் கொட்டுவது தண்ணீர் வற்றும்போது, தை மாசிக்கு மேல். பாதாம் மரம் சிவந்து கொட்டுவதும் அந்தச் சமயம்தான். குளிர் தேசத்தில் வெளிச்சம் குறைந்து இலைப்பச்சை வற்றும்போது அடியிலிருந்த மஞ்சள் வெளியே வருகிறது, சிவப்பு புதிதாக உண்டாகிறது. அதுவும் அழகுதான், அக்காவின் மகள் அனுப்பிய படங்களை நானும் பார்க்க விரும்புகிறேன். அங்கே மரம் மூடிக்கொள்கிற மாதத்தில் இங்கே மண் திறக்கிறது. அங்கே கிளம்புகிறவர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள்.


சீத்தாமரத்தடி (கன்னங்குறிச்சி)
ஐப்பசி 19, இரவு 7.10

தீபாவளி முடிந்தது. சொன்ன சொல்லைப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். ஆனாலும் ஊர்ச் சத்தம் ஊர்ச் சத்தம்தானே. அன்றைக்கும் மறுநாளும் குரலே இல்லை. மூன்றாம் நாள் காலையிலும் இல்லை. போய்விட்டது என்றே முடிவு செய்து, சருகைப் பார்க்கவும் மனமில்லாமல் இருந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் ஆறு ஐந்துக்கு முருங்கைக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டு சீழ்க்கை. நடுவீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இன்று மகளை ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போதுதான் விடிந்த நேரம். பேசாதே, கேள் என்று சொல்லி, கைப்பேசியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்தேன். கூப்பிட்டது. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இன்னொரு தடவை கூப்பிடுமாம்மா?" என்றாள். இரண்டு பேரும் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது.


மூன்றாம்மாடி (அழகாபுரம்)
ஐப்பசி 20, இரவு 8.25

அக்கா, எங்கள் கூட்டுப்புழு இன்று சாயங்காலத்திலிருந்து கருத்திருக்கிறது. தோல் வழியாக இறக்கையின் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கரட்டோரம் அண்ணா, நாளைக் காலையிலேயே வந்துவிடுமா? அத்தை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார்.


கரட்டோரம் (குரும்பப்பட்டி)
ஐப்பசி 20, இரவு 8.31

பெரும்பாலும் காலையில்தான். பால்கனி விளக்கைப் போடாதீர்கள், தொடாதீர்கள். இறக்கை விரிந்து காய ஒரு மணி நேரமாவது ஆகும்.